வால்வு ரேடியோ பேசவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பரணில் இருந்து இறக்கிய வால்வு ரேடியோவில் கடைசியாகத் தொட வேண்டியதைத்தான் நிறைய பேர் முதலில் தொடுகிறார்கள். ஐஎஃப்டி (ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் காயில்) டப்பாவின் தலையில் தெரியும், காயிலை டியூன் செய்யும் அந்தக் கோர் ஸ்க்ரூக்களைச் சொல்கிறேன். ஸ்டேஷன் எடுக்கவில்லை என்றதும் ஆளாளுக்கு ஒரு சுற்று திருப்பிவிடுவார்கள். உள்ளே செத்துக் கிடப்பதோ ஒரு பேப்பர் கண்டென்சர். அதை மாற்றியிருந்தால் பாடியிருக்கும். இப்போது கண்டென்சரை மாற்றினாலும் பாடாது, அலைன்மென்டும் (காயில்களின் டியூனிங் ஒத்துப்போவது) கெட்டுவிட்டது. செட் பரணில் சும்மா கிடந்தால் கோர் தானாகத் திரும்பாது. அதனால் முதலில் கோளாறைக் கண்டுபிடியுங்கள், செத்த பாகத்தை மாற்றுங்கள், வோல்டேஜ் எல்லாம் சரியாக வந்தபிறகு அலைன்மென்ட் பக்கம் போகலாம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த வரிசையில்தான்.

பிளக்கைச் சொருகும் முன்

பின் அட்டையைக் கழற்றி வால்வு நம்பர்களைப் பாருங்கள். இ-யில் தொடங்கினால் (இசிஎச்81, இபிஎஃப்89, இஎல்84, இஇசட்80) பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட், ஹீட்டர் எல்லாம் 6.3 வோல்ட். யு-வில் தொடங்கினால் (யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85) ஏசி/டிசி செட். ஹீட்டர்கள் எல்லாம் ஒரே சங்கிலியாக 100 மில்லிஆம்பியரில் ஓடும், அதைவிட முக்கியம், சேஸி (பாகங்கள் உட்கார்ந்திருக்கும் உலோகத் தட்டு) நேரடியாகக் கரண்ட் லைனில் இருக்கும். நியூட்ரலில் இருக்கிறதா ஃபேஸில் இருக்கிறதா என்பது பிளக்கை எப்படிச் சொருகினீர்கள் என்பதைப் பொறுத்தது. டெஸ்டரைச் சேஸியில் வைத்து, சுவிட்ச் போட்டு ஒரு தடவையும் அணைத்து ஒரு தடவையும் பாருங்கள். சுவிட்ச் நியூட்ரல் பக்கம் இருக்கும் செட்டில், அணைத்தபிறகு ஹீட்டர் சங்கிலி வழியாக ஃபேஸ் சேஸிக்கு வந்து நிற்கும். அணைத்துவிட்டோமே என்று கை வைத்தால் அடிக்கும். இந்த வகைச் செட்டில் வேலை செய்ய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (லைனோடு நேரடித் தொடர்பு இல்லாமல் கரண்ட் தருவது) கட்டாயம். இது இல்லாமல் யு வரிசைச் செட்டைத் திறக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டானால் வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். பழைய செட்டுகளில் 220-இல் வைத்திருப்பார்கள். இன்று நம் வீடுகளில் ராத்திரி நேரத்தில் 240 வருகிறது. 220 டேப்பில் 240 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்குச் சுமார் 6.9 போகும், எச்.டி.யும் (வால்வுகளை ஓட்டும் உயர் டிசி வோல்டேஜ்) அதே விகிதத்தில் ஏறும். 245 டேப் இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை போடும்போது ஒரு குண்டு பல்பை, 60 வாட் போதும், சீரியஸில் போட்டுக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்து, டிரான்ஸ்ஃபார்மர் செட்டானால், ரெக்டிஃபயர் வால்வை (ஏசியை டிசியாக்குவது, இஇசட்80) பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். இப்போது மங்கினால் எச்.டி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரோ எச்.டி. லைனோ ஷார்ட், அப்போதும் மங்கவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரையே சந்தேகப்பட வேண்டியதுதான். அதற்கு முன் சேஸிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்த வயர், ரப்பர் உதிர்ந்து செம்பு தெரியும் வயர், எச்.டி. டேகுக்கும் சேஸிக்கும் குறுக்கே காய்ந்துபோன பல்லி, இது எல்லாமே நம் ஊர்ப் பரண் செட்டுகளில் சகஜம்.

ஒன்றுமே எரியவில்லை

யு வரிசைச் செட்டில் ஒரு வால்வின் ஹீட்டர் அறுந்தால் எல்லாமே இருட்டு. மேலே சொன்ன நாலு வால்வுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 19, 19, 50, 38, ஆக 126 வோல்ட். லைன் 230 என்றால் மிச்சம் 104 வோல்ட்டை டிராப்பர் ரெஸிஸ்டன்ஸ் தின்கிறது, அதாவது 1040 ஓம், பத்து வாட்டுக்கு மேல் சூடு. அதனால் ஹீட்டருக்கு அடுத்து அறுவது இந்த டிராப்பர்தான். வால்வுகளைக் கழற்றி மீட்டரை ஓமில் வைத்து ஹீட்டர் பின்களைப் பாருங்கள். ஒன்பது பின் வால்வில், இந்த நாலிலும், 4-ம் 5-ம். அதற்கு முந்தைய எட்டுப் பின் ரிம்லாக் வால்வுகளில் (யுசிஎச்42, யுஎல்41 போன்றவை) 1-ம் 8-ம்.

வால்வைத் துடைக்கும்போது நம்பர் எழுதிய இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள், எழுத்து அப்படியே துணியோடு வந்துவிடும், அப்புறம் அது என்ன வால்வு என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது, அந்த வால்வு முடிந்தது.

“லைட்டு எரியுது, சத்தமே வர மாட்டேங்கு அண்ணாச்சி”

நெல்லையில் வால்வு ரேடியோ வேலை தெரிந்தவன் அதிகமாகக் கேட்கும் புகார் இது. முதலில் எச்.டி. வருகிறதா பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் 250 வோல்ட்டை ஒட்டியும் யு வரிசையில் 200 சொச்சமும் இருக்கும். மீட்டரின் கருப்பு வயரைச் சேஸியில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரே கையால் சிவப்பை வைத்துப் பாருங்கள். அணைத்தபிறகும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெஸிஸ்டன்ஸ் ஒன்றை அதன் குறுக்கே சில நொடி பிடித்து இறக்கிவிட்டு, இறங்கிவிட்டதா என்று மீட்டரால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எச்.டி. இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வைக் (இஎல்84 அல்லது யுசிஎல்82) கவனியுங்கள். பிளேட்டுக்கு (வால்வுக்குள் தெரியும் வெளித் தகடு) உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சிவந்து தெரிந்தால் அது ஸ்க்ரீன் கிரிட். பிளேட்டுக்கு வோல்டேஜ் வராததால் மொத்தக் கரண்டும் ஸ்க்ரீன் வழியே போகிறது என்று அர்த்தம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்துவிட்டது. உடனே அணையுங்கள், இல்லாவிட்டால் வால்வும் போகும். நல்ல பிரைமரி சில நூறு ஓம் காட்டும். ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் கட்டித் தருவார்கள்.

அவுட்புட் நன்றாக இருந்தால் கோளாறை இரண்டாகப் பிரியுங்கள். வால்யூமை முழுக்க வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் மட்டும், வால்யூம் கன்ட்ரோலின் நடு டேகை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொடுங்கள். ஸ்பீக்கரில் ‘ர்ர்’ என்று சத்தம் கேட்டால் ஆடியோ பக்கம் முழுதும் நல்லது, கோளாறு அதற்கு முன்னால். கேட்காவிட்டால் பின்னால்.

முன்னால் என்றால் ஆஸிலேட்டர் (ஸ்டேஷன் சிக்னலோடு கலக்க செட்டே ஓர் அலையை உண்டாக்கும் பகுதி) ஓடுகிறதா என்று பார்க்க நம் ஊருக்கே உரிய ஒரு வழி உண்டு. திருநெல்வேலி வானொலியின் மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053. ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில், ஒலிபரப்பு நேரத்தில், தூத்துக்குடியை வைத்து வால்வு ரேடியோவின் பக்கத்தில் வையுங்கள். இப்போது வால்வு ரேடியோவின் முள்ளை 600-க்கு அக்கம்பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். அதன் ஆஸிலேட்டர் முள் காட்டுவதோடு ஐஎஃப் 455-ஐக் கூட்டி ஓடுகிறது, அது 1053-ஐத் தாண்டும் இடத்தில், அதாவது 598-இல், டிரான்சிஸ்டரில் ‘ஊஊய்’ என்று விசில் இறங்கி ஏறும். விசில் வந்தால் ஆஸிலேட்டர் ஓடுகிறது. திருநெல்வேலியை வைத்தால் இதே விசில் 742 பக்கம் வரும். விசிலே இல்லை என்றால் கன்வர்ட்டர் வால்வு (சிக்னலை ஐஎஃப்புக்கு மாற்றுவது, இசிஎச்81 அல்லது யுசிஎச்81), அதன் ஆஸிலேட்டர் பிளேட் ரெஸிஸ்டன்ஸ், பேண்ட் சுவிட்ச், இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் இல்லை என்றால் சுவிட்ச்தான், அல்லது அந்தப் பேண்டின் காயில்.

பேசுகிறது, ஆனால் கரகரவென்று உளறுகிறது, கொஞ்ச நேரத்தில் சூடு வாடை

இந்த அறிகுறியைக் கேட்டதும் அணைத்துவிடச் சொல்லுங்கள். ஆடியோ டிரையோடின் பிளேட்டில் இருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் பின்) போகும் ஒரு கண்டென்சர், 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சராக இருக்கும். செட்டில் வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றியே ஆக வேண்டும். இது லேசாக லீக் ஆனால் கிரிட்டுக்குப் பாஸிட்டிவ் வோல்டேஜ் போய், அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கடைசியில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் என்று வரிசையாகக் கொண்டுபோகும். ஒரு ரூபாய்ச் சாமான் செய்யும் சேதம் அவ்வளவு.

பார்க்கும் விதம்: கிரிட் பின்னில் மீட்டரை வையுங்கள். சைபர் அல்லது லேசான மைனஸ் இருக்க வேண்டும். அரை வோல்ட் பாஸிட்டிவ் என்றாலும் தப்பு. கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பாஸிட்டிவ் போய்விட்டால் கண்டென்சர் கெட்டது. போகவில்லை என்றால் வால்வுக்குள்ளேயே கோளாறு. இஎல்84 இருக்கும் செட்டில் கேதோடில் ஏழு வோல்ட்டை ஒட்டி இருப்பது வழக்கம், பத்து பன்னிரண்டு என்று ஏறினால் கதை இதுதான்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கத்துச் செட்டுகளில் இந்தப் பேப்பர் கண்டென்சர்களில் ஒன்றைக்கூட நம்பாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஆனி, ஆடி சாரலில் ஈரம் குடித்துக் குடித்து மெழுகு வெடித்திருக்கும். எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலியஸ்டராக மாற்றிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கலாம், தபாலிலும் வரும். ஒன்றை மாற்றி, போட்டுப் பார்த்து, பிறகு அடுத்தது. மொத்தமாகப் பத்தைப் பிடுங்கிவிட்டு எது எங்கே இருந்தது என்று தேடுவதில் அர்த்தமில்லை. கரண்ட் லைனின் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு மட்டும் எக்ஸ்2 வகை, ஏரியலுக்கும் சேஸிக்கும் நடுவே பாதுகாப்புக்காக இருப்பதற்கு ஒய் வகை. அந்த இரண்டு இடத்திலும் சாதாரணக் கண்டென்சர் போடக்கூடாது.

உறுமல்

வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. வால்யூமோடு கூடிக் குறைந்தால் அதற்கு முன்னால் எங்கோ, பெரும்பாலும் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் ஷீல்டு வயரின் எர்த் விட்டிருக்கும். ஸ்டேஷன் பிடித்தால் மட்டும் உறுமுகிறது, நடுவில் உறுமல் இல்லை என்றால் ரெக்டிஃபயர் பக்கத்துச் சின்னக் கண்டென்சரைப் பாருங்கள்.

ஃபில்டர் கண்டென்சரை மாற்றும்போது பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைத்து 220 மைக்ரோஃபாரட் போடுகிறார்கள். ரெக்டிஃபயர் வால்வுக்கு ஒரு வரம்பு உண்டு, இஇசட்80-க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது. பழையதில் 50 என்றால் 47, 32 என்றால் 33, வோல்டேஜ் 450. பழைய அலுமினிய டப்பாவை எடுக்காமல் வயரை மட்டும் துண்டித்துவிட்டுப் புதியதைச் சேஸிக்கு அடியில் பற்றவையுங்கள், மேலே பார்க்க செட் பழையபடி இருக்கும்.

தூரத்து ஸ்டேஷன் இல்லை, பக்கத்து ஸ்டேஷனும் முனகலாகத்தான்

வால்வு தேய்ந்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். கன்வர்ட்டர், ஐஎஃப் வால்வு இரண்டின் ஸ்க்ரீன் வோல்டேஜைப் பாருங்கள். இது 30, 40 வோல்ட் என்று படுத்திருந்தால் ஸ்க்ரீனுக்குப் போகும் ரெஸிஸ்டன்ஸ் மதிப்பு ஏறியிருக்கும், அல்லது ஸ்க்ரீனில் இருந்து சேஸிக்குப் போகும் கண்டென்சர் லீக்.

அடுத்து ஐஎஃப் வால்வின் பிளேட். ஸ்க்ரீனில் வோல்டேஜ் இருந்து பிளேட்டில் சைபர் என்றால் ஐஎஃப்டி பிரைமரி அறுந்திருக்கிறது. உவரி, திருச்செந்தூர், இடிந்தகரை என்று கடற்கரைப் பக்கம் இருந்து வரும் செட்டுகளில் இது சாதாரணம். உப்புக்காற்று. உவரிப் பக்கத்து செட் ஒன்றில் டப்பாவைக் கழற்றியபோது காயில் சுற்று முழுதும் பளபளப்பாக இருந்தது, டேகில் பற்றவைத்த இடத்தில் மட்டும் மயிரிழை வயர்கள் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தன. ஊசி நுனியால் தொட்டதும் உதிர்ந்தது. இந்த மாதிரிச் செட்டுக்குப் புதுக் காயில் தேட வேண்டாம். சுற்றில் இருந்து ஒரே ஒரு சுற்றைப் பிரித்து எடுத்தால் நல்ல வயர் கிடைக்கும். இது பல இழை சேர்ந்த வயர், அத்தனை இழையிலும் ஈயம் பிடிக்க வேண்டும், ஒன்றிரண்டு விட்டால் காயிலின் தரம் இறங்கி ஸ்டேஷன் பரந்து விழும். அதனால் அவசரப்படாமல், சூடான சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு துளி ஈயம் எடுத்து, ரோசின் தொட்டு, இழைகள் வெள்ளியாகும் வரை மெதுவாக இழுங்கள். ஒரு சுற்றுக் குறைந்ததைக் கோர் சமாளித்துவிடும்.

மேஜிக் ஐ (ஸ்டேஷன் சரியாக விழுந்ததை ஒளியில் காட்டும் வால்வு) மங்கலாக இருந்தால் அதன் பிளேட் ரெஸிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தும் மங்கல் என்றால் உள்ளே பூச்சுத் தேய்ந்துவிட்டது, செட் பாடுவதற்கு இடைஞ்சல் இல்லை, விட்டுவிடலாம்.

கரகரப்பு, முள் நகரவில்லை

பேண்ட் சுவிட்சுக்கும் வால்யூமுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலதடவை திருப்புங்கள். தகடுகளை வளைக்க வேண்டாம். டயல் கயிறு அறுந்திருந்தால் தூண்டில் நரம்பு போடாதீர்கள், டிரம்மில் வழுக்கும். மெழுகு தடவிய முறுக்கு நூல் நன்றாகப் பிடிக்கும்.

ஸ்டேஷன் இடம் மாறி விழுகிறது, இரண்டு ஸ்டேஷன் கலக்கிறது

மேலே உள்ளது எல்லாம் சரியாகி, செட் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகும் இது இருந்தால்தான் அலைன்மென்ட். முதலில் கேங்கை (ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் தகட்டுக் கண்டென்சர்) முழுக்க மூடினால் முள் டயலின் கடைசிக் கோட்டில் நிற்கிறதா பாருங்கள். பலதடவை கயிறு வழுக்கியதுதான் காரணமாக இருக்கும், முள்ளை நகர்த்தினால் வேலை முடிந்தது.

கோரைத் திருப்ப இரும்பு ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. இரும்பு பக்கத்தில் இருக்கும்வரை ஒரு டியூனிங், எடுத்ததும் வேறு டியூனிங். மூங்கில் குச்சியை ஸ்க்ரூ டிரைவர் நுனியாகச் சீவிக்கொள்ளுங்கள். கோர் மெழுகில் இறுகியிருந்தால் பலம் கொடுத்தால் பிளந்து காயிலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டிவிட்டுத் திருப்புங்கள். ஒவ்வொரு கோரின் பழைய நிலையையும் பென்சிலால் குறித்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஐஎஃப் பெரும்பாலான செட்டில் 455, சில பிலிப்ஸ் செட்டுகளில் 452. செட்டின் சர்க்யூட் தாளில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஜெனரேட்டரில் (டெஸ்ட் சிக்னல் தரும் கருவி) இருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாகக் கன்வர்ட்டர் கிரிட்டுக்குக் கொடுத்து, கேங்கின் ஆஸிலேட்டர் பகுதியை ஒரு கிளிப்பால் சேஸியோடு ஷார்ட் செய்து ஆஸிலேட்டரை நிறுத்துங்கள். (ஏசி/டிசி செட்டில் ஜெனரேட்டரின் எர்த் சேஸியில் சேர்கிறது, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சேர்த்தால் ஃபேஸ் நேரே எர்த்துக்கு ஓடும்.) ஸ்பீக்கரின் குறுக்கே மீட்டரை ஏசியில் வைத்து, டிடெக்டர் (ஐஎஃப்பில் இருந்து பேச்சைப் பிரிக்கும் இடம்) பக்கத்துக் கோரில் தொடங்கி முன்னோக்கி ஒவ்வொன்றாக உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் கூடக்கூட ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சிக்னல் அதிகமாக இருந்தால் ஏஜிசி (சத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு) வேலை செய்து உச்சம் எங்கே என்றே தெரியாமல் தட்டையாகிவிடும். அலைன்மென்டில் மனிதர்கள் தடுமாறும் இடம் இதுதான், காதுக்கு எட்டும் அளவு சிக்னலே போதும்.

பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு, ஜெனரேட்டரை ஏரியல் பக்கம் மாற்றி மீடியம் வேவ். கீழ் முனைக்குக் கோர் அல்லது பேடர், மேல் முனைக்கு டிரிம்மர் (பேடரும் டிரிம்மரும் திருகித் திருத்தும் சின்னக் கண்டென்சர்கள்). 600-இல் ஆஸிலேட்டர் கோர், 1400-இல் ஆஸிலேட்டர் டிரிம்மர், திரும்பவும் 600, திரும்பவும் 1400. ஒன்றைத் திருத்தினால் மற்றது நகரும், இரண்டும் நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதன்பிறகு ஏரியல் காயிலுக்கும் அதே போல, இது டயலை மாற்றாது, சத்தத்தை மட்டும் கூட்டும்.

ஜெனரேட்டர் இல்லாதவர்கள் ஐஎஃப்டி கோர்களைத் தொடாமல், ஆஸிலேட்டரை மட்டும் ஸ்டேஷனை வைத்துச் சரிபார்க்கலாம். ஐஎஃப் 455 செட்டில், மேலே சொன்ன தூத்துக்குடி விசில் டயலில் 598-இல் வரவேண்டும். வரவில்லை என்றால் முள்ளை அங்கே வைத்துக்கொண்டு, விசில் வரும்வரை ஆஸிலேட்டர் கோர். மேலே திருநெல்வேலி 1197-க்கு டிரிம்மர். ராத்திரியில் சென்னை 720 கிடைத்தால் கீழ்ப்பக்கத்துக்கு இன்னொரு சாட்சி. திருவனந்தபுரம் 1161-க்கும் திருநெல்வேலிக்கும் நடுவே 36 கிலோஹெர்ட்ஸ்தான். நெல்லைக்கு உள்ளேயே இருந்துகொண்டு இந்த இரண்டையும் கலக்காமல் பிரித்துத் தரும் செட்டின் ஐஎஃப்பில் கை வைக்கவே வேண்டாம்.

கொழும்பு கேட்ட அந்த ஷார்ட் வேவ் பேண்டில் ஒரு விஷயம். டிரிம்மரைத் திருப்பும்போது ஒரே சிக்னல் இரண்டு இடத்தில் வரும், ஒன்று இமேஜ். ஆஸிலேட்டர் சிக்னலுக்கு மேலே ஓடும் செட்டில் டிரிம்மர் அதிகம் திறந்திருக்கும் இடமே சரியானது. தப்பான இடத்தில் வைத்தால் டயல் முழுதும் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் கோர் நகராமல் இருக்க ஒரு சொட்டு மெழுகுவர்த்தி மெழுகு விடுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம், அடுத்து வேலை செய்பவருக்குக் கோரைத் திருப்ப வழி இருக்காது.

செட் நல்லது, இரைச்சல் மட்டும் போகவில்லை

வீட்டு எல்ஈடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டரை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் அதே இரைச்சல் கேட்டால் குற்றம் செட்டில் இல்லை. அறைக்குள் தொங்கும் ஒன்றரை முழ வயரை எடுத்துவிட்டு, வெளியே மாடியில் இரண்டு கம்புக்கு நடுவே, கரண்ட் லைனுக்குப் பக்கத்தில் போகாமல், பத்து மீட்டர் ஏரியல் கட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு எர்த்தும் கொடுங்கள். ஏசி/டிசி செட்டின் சேஸிக்கு எர்த் கொடுக்கவே கூடாது, பின்னால் எர்த் சாக்கெட் தனியாக இருந்தால் மட்டும், அதற்குள் இருக்கும் கண்டென்சரை மாற்றிய பிறகு, அதில் கொடுக்கலாம்.